உணவைத் தொடாத கொப்பர்பேண்டும் மெலிந்துவரும் மண்டரினும்

கல்முனையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வீட்டில் கடல் மீனும் உயிர்ப் பவளமும் வளர்க்கிற 300 லீற்றர் பவளத் தொட்டி, எட்டு மாதமாக ஓடுகிறது. இரண்டு கிளவுன், மூன்று டாம்செல், ஒரு பவுடர் புளூ டேங் என்று ஆறு மீன்கள் ஏற்கெனவே இருக்கின்றன. போன கிழமை கொழும்பில் ஒரு கடையில் கொப்பர்பேண்ட் பட்டர்பிளை மீன் ஒன்றும் மண்டரின் மீன் ஒன்றும் வாங்கி வந்து விட்டிருக்கிறார். குருணை, செதில் உணவு, உறைய வைத்த ஆர்ட்டீமியா என்னும் சிற்றிறால், எதைப் போட்டாலும் கொப்பர்பேண்ட் கிட்ட வந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறது. மண்டரின் நாள் முழுக்கப் பாறையைக் கொத்திக்கொண்டுதான் இருக்கிறது, ஆனால் வயிறு ஒட்டிக்கொண்டு வருகிறது. "என்ன போட்டால் சாப்பிடும்?" என்று கேட்கிறார்.

தம்பி, நல்ல நேரத்தில் கேட்டிருக்கிறீர்கள். ஒரு கிழமை என்றால் இன்னும் கைமீறிப் போகவில்லை. ஆனால் உணவு தேடி ஓட முதல், தொட்டிக்கு முன்னால் பத்து நிமிடம் அசையாமல் உட்கார்ந்து கொப்பர்பேண்டைப் பாருங்கள். அது உங்களுக்கு நேரே முகம் திருப்பும்போது தலைக்குப் பின்னால் இருக்கிற முதுகுத் தசையைக் கவனியுங்கள். வயிறு மட்டும் ஒட்டியிருந்தால் அது வெறும் பசி. முதுகே கத்தி முனைபோல் ஒடுங்கத் தொடங்கியிருந்தால் உடம்பு தன் தசையையே எரித்து உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். அந்த நிலைக்குப் போன மீனை மீட்பது மிகவும் கடினம். அதற்கு முன்பே நாம் வேலையைத் தொடங்கவேண்டும்.

அடுத்தது மூச்சு. செவுள் படபடவென்று அடிக்கிறதா? பம்பிலிருந்து வரும் நீரோட்டத்துக்கு முன்னாலேயே போய் நிற்கிறதா? வெளிச்சத்தைக் கண்டால் ஒதுங்குகிறதா? பக்கவாட்டில் பார்த்தால் தோலில் மெல்லிய பொன்னிறத் தூசி படிந்திருக்கிறதா? அப்படியென்றால் அது வெல்வெட் நோய். பல தடவைகளில் உணவை மறுப்பதுதான் அதன் முதல் அறிகுறி, சில நாட்களிலேயே ஆளை முடித்துவிடும். அந்த மீனை அன்றைக்கே தனித் தொட்டிக்கு மாற்றிச் செப்பு மருந்து கொடுக்கவேண்டும். செப்பை ஒருபோதும் பவளத் தொட்டிக்குள் ஊற்றாதீர்கள். பவளம், இறால், நத்தை எல்லாம் சாகும். உப்பு மணி அளவில் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தாலும் இதே தனித் தொட்டிதான். கழிவு வெள்ளையாக, நூலாக நீண்டு தொங்கினால் குடலில் ஒட்டுண்ணி இருக்கலாம். அதற்குப் பிரசிகுவான்டெல், மெட்ரோனிடசோல் போன்றவை பயன்படுகின்றன. அளவை ஒரு மிருக வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், கையளவில் போடவேண்டாம்.

நோய் எதுவும் தெரியவில்லை என்றால், நீங்கள் சொன்ன ஒரு விஷயம் எனக்கு நம்பிக்கை தருகிறது. உங்கள் கொப்பர்பேண்ட் கிட்ட வந்து பார்க்கிறது. பசி இருக்கிறது, தேடல் இருக்கிறது. நீங்கள் போடுவது உணவு என்று அதற்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். இது வழக்கமாக நம் கடைகளுக்குத் தென்கிழக்காசியக் கடல்களிலிருந்து பிடித்து அனுப்பப்படுகிற மீன். பிடித்தவர் தொட்டி, ஏற்றுமதியாளர் தொட்டி, விமானப் பெட்டி, கொழும்புத் தொட்டி, அப்புறம் கல்முனை வரைக்கும் 300 கிலோமீற்றருக்கு மேல் வீதிப் பயணம். அந்தப் பயணம் முழுவதிலும் அது ஒழுங்காகச் சாப்பிட்டிருக்காது. உங்கள் வீட்டுக்கு வந்து ஒரு கிழமைதான், ஆனால் அதன் பட்டினி அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. "இன்னும் கொஞ்ச நாள் பார்ப்போம், பசித்தால் தானாகச் சாப்பிடும்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கிளவுனுக்கு அது சரிவரலாம், இதற்குச் சரிவராது.

இன்றைக்கே செய்யவேண்டியது அதைப் பிரித்து வைப்பது. உங்கள் தொட்டியில் பவுடர் புளூ இருக்கிறது. புதிதாக வருகிற எதையும், அதுவும் பக்கவாட்டில் தட்டையான மீனை, அது விரட்டும். அந்த மீனுக்கே 300 லீற்றர் போதாது, அதனால் அதன் கோபம் இன்னும் கூடும். டாம்செல் மூன்றும் உணவு தண்ணீரில் விழுந்து சில நொடிக்குள் எல்லாவற்றையும் முடித்துவிடும். கொப்பர்பேண்ட் அப்படிப் பாய்ந்து சாப்பிடுகிற மீன் இல்லை. ஒன்றைச் சுற்றிவந்து, ஒரு கண்ணால் பார்த்து, மறு கண்ணால் பார்த்து, பிறகு மெதுவாகக் கொத்தும். எனவே துளை போட்ட தெளிவான பிளாஸ்ரிக் பெட்டி ஒன்றைத் தொட்டிக்குள்ளேயே தொங்கவிட்டு அதற்குள் விடுங்கள். தண்ணீர் அதே தண்ணீர், மற்ற மீன்கள் கண்ணில் படும், ஆனால் யாரும் விரட்டமுடியாது. மீன் 10 சென்ரிமீற்றருக்கு மேல் பெரிதாக இருந்தால் பெட்டி நெருக்கடியாக இருக்கும், அப்போது ஒரு சிறு தனித் தொட்டி நல்லது. அதில் ஒளிய இரண்டு மூன்று குழாய்த் துண்டுகளைப் போடுங்கள்.

இனி உணவு. எந்த மீன் சாப்பிட மறுத்தாலும் நான் முதலில் பார்ப்பது அதன் வாயைத்தான். கொப்பர்பேண்டின் வாய் நீண்ட குழல், நுனியில் சின்னத் திறப்பு. பாறை இடுக்கிலும் பவள இடுக்கிலும் விட்டு, புழுவையும் சிறு இறாலினத்தையும் மட்டிச் சதையையும் பிடுங்கி எடுக்க அமைந்த வாய் அது. அதன் வாழ்நாளில் உணவு மேலிருந்து மழையாக விழுந்ததே கிடையாது. உணவு எப்போதும் எதிலாவது ஒட்டிக்கொண்டு, எதற்குள்ளாவது ஒளிந்துகொண்டுதான் இருந்தது. நீங்கள் தண்ணீரில் மிதக்கவிடுகிற ஆர்ட்டீமியாவை அது குப்பை என்று நினைப்பதில் ஆச்சரியமே இல்லை.

அதனால் மட்டியில் தொடங்குங்கள். இந்த விஷயத்தில் கொழும்பில் இருப்பவரைவிட நாம் கொடுத்துவைத்தவர்கள், வாவியும் கடலும் பக்கத்திலேயே இருக்கின்றன. ஓட்டோடு மட்டி வாங்கி, நன்றாகக் கழுவி, சில நாள் உறைபெட்டியில் வையுங்கள். உறைய வைப்பதில் இரண்டு நன்மை: ஒட்டுண்ணிகள் பெரும்பாலும் சாகும், இளகும்போது ஓடு தானாகச் சற்றுத் திறந்துகொள்ளும். கத்தி நுனியால் பிளந்து, சதை ஒட்டியிருக்கிற பாதியை எடுத்து, மீனின் கண் மட்டத்துக்கு இரண்டு கற்களுக்கு நடுவில் செருகிவிட்டு நகர்ந்துவிடுங்கள். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கவேண்டாம், அறை விளக்கையும் அணைத்துவிடுங்கள். முதல் நாள் சும்மா சுற்றிச் சுற்றி வரும். அடுத்த நாள் ஒரு கொத்து, துப்பும், மறுபடி ஒரு கொத்து. துப்பினால் மனம் தளரவேண்டாம், துப்புவதும் ருசி பார்ப்பதுதான். இரண்டு மூன்று மணித்தியாலத்துக்குப் பிறகு மிச்சத்தை எடுத்துவிடுங்கள். நம் வெக்கைக்கு மட்டி சீக்கிரம் அழுகும், சிறு தொட்டியில் அமோனியா ஒரே இரவில் ஏறிவிடும்.

மட்டியைத் தொடவில்லை என்றால் உயிருள்ள கடற்புழு கொடுத்துப் பாருங்கள். தூண்டில்காரர் இரைக்குக் கோக்கிற புழுவைச் சிறு துண்டாக வெட்டிப் போட்டால் கொப்பர்பேண்ட் பெரும்பாலும் தாங்காது. உங்கள் தொட்டிப் பாறையில் ஐப்டேசியா என்கிற சின்னக் கண்ணாடி அனிமோனி முளைத்திருந்தால், அந்தக் கல்லைப் பெட்டிக்குள் வையுங்கள். மற்றவர்கள் அதை ஒழிக்கப் படாத பாடு படுகிறார்கள், இந்த மீனில் பலதுக்கு அது விருப்பமான இரை.

மட்டியைக் கொத்தத் தொடங்கிவிட்டால் பாதி வேலை முடிந்தது, ஆனால் அங்கேயே நின்றுவிடக்கூடாது. மட்டி இனங்கள் சிலவற்றிலும் நெத்தலி போன்ற சில மீன்களிலும் தயமினேஸ் என்ற நொதியம் இருக்கிறது. அது பி1 உயிர்ச்சத்தை அழிக்கும், உறைய வைத்தாலும் போகாது. மாதக்கணக்கில் மட்டி மட்டுமே தின்கிற மீன் வயிறு நிறைந்தபடியே நோயாளியாகும். ஆகவே மெல்ல மாற்றுங்கள். மட்டிச் சதைக்கு மேல் மைசிஸ் என்கிற உறைய வைத்த சிற்றிறாலையோ பொடியாக அரிந்த பச்சை இறாலையோ தடவி வையுங்கள். சில நாளில் சதையைக் குறைத்துத் தடவலைக் கூட்டுங்கள். அப்புறம் வெறும் ஓட்டில் மைசிஸை அடைத்து வையுங்கள். அதையும் சாப்பிட்டால் ஓட்டுக்குப் பக்கத்தில் குழாயால் மெதுவாக விடுங்கள். ஒரு படி சறுக்கினால் முந்தைய படிக்குத் திரும்புங்கள். கிழமைக்கணக்கில் ஆகலாம். இந்தக் காலத்தில் ஒரே தடவையில் நிறையக் கொடுக்காமல், நாளைக்கு மூன்று நான்கு தடவை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். காய்ந்துபோன குடல் அதிகம் தாங்காது.

நம் பக்கத்தில் கிடைக்கிற இன்னொரு அருமையான உணவு கூனி. கருவாடு இல்லை, உயிருள்ள கூனி இறால். அது துள்ளுகிற துள்ளலுக்கே சில மீன்கள் வாய் திறக்கும். ஆனால் எங்கே, எப்போது பிடிக்கிறீர்கள் என்பதில் கவனம் வேண்டும். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் வயல் நீர் வடிவது வாவிக்கும் கலப்புக்கும்தான். வயலுக்கு மருந்தடிக்கிற காலத்தில் அங்கே பிடித்ததைத் தொட்டியில் போடாதீர்கள். பூச்சிக்கொல்லியின் சிறு அளவும் உங்கள் இறால்களைக் கொல்லும். நகர வாய்க்கால் விழுகிற இடங்களும் வேண்டாம். மாரியில் வாவித் தண்ணீர் கிட்டத்தட்ட நன்னீராகிவிடும், அப்போது பிடித்த கூனி கடல் உப்பில் சீக்கிரம் சாகும். மீன் உடனே சாப்பிடுகிற அளவு மட்டும் விடுங்கள்.

உள்ளிச் சாறு பற்றி எல்லோரும் கேட்பார்கள். உணவில் ஒரு துளி ஊறவைத்தால் சில மீன்கள் ஆர்வம் காட்டுவதாகப் பலர் சொல்கிறார்கள், கெடுதல் இல்லை, செய்து பாருங்கள். வெள்ளைப்புள்ளிக்கு அது மருந்து என்பதை மட்டும் நம்பாதீர்கள். மாட்டு ஈரலும் மாட்டு இதயமும் கடல் மீனுக்குப் பொருந்தாத கொழுப்பு, அவற்றை ஒதுக்கிவிடுங்கள். உறைய வைத்த எந்த உணவையும் தேநீர் வடியில் போட்டு இளகிய நீரை ஊற்றிவிட்டுக் கொடுங்கள். மின்வெட்டில் முழுதாக இளகி மணம் மாறியதைத் திரும்ப உறைய வைக்காதீர்கள்.

தண்ணீரையும் ஒரு தடவை அளந்துபாருங்கள். கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் நம் வீடுகளில் தொட்டி 31 பாகை வரைக்கும் போகும். சூடு கூடக் கூடத் தண்ணீரில் ஒக்சிசன் குறையும், மீனுக்குச் சாப்பாட்டில் மனம் போகாது. தண்ணீரின் மேல் படும்படி ஒரு மின்விசிறி வைத்தால் இரண்டு மூன்று பாகை இறங்கும், ஆவியாகிற அளவுக்கு நன்னீர் விட்டு உப்பைச் சமமாக வைத்துக்கொள்ளவேண்டும். கடல் தண்ணீர் அள்ளுகிறவராக இருந்தால் மாரியில் எச்சரிக்கை. முகத்துவாரம் வெட்டித் திறந்தால் வாவி நீரும் கலங்கலும் கரையோரக் கடலில் பரவும். உப்பு ஆயிரத்துக்கு 35 அளவுக்கு, அதாவது ஒப்படர்த்தி 1.025 பக்கம் இருக்கிறதா என்று பார்க்காமல் ஊற்றாதீர்கள்.

உங்கள் மற்ற மீன்களுக்கும் இதே வாய்க் கணக்குத்தான். பவுடர் புளூவின் வாய் பாறையைச் சுரண்டுகிற வாய், அதற்கு நோரி என்கிற உலர்ந்த கடற்பாசித் தாளை ஒரு கல்லில் இறப்பர் வளையத்தால் கட்டிப் போடுங்கள். கொப்பர்பேண்டுக்கு உணவு கொடுக்கிற நேரத்தில் அதை மறுமூலையில் போட்டால் அதன் கவனமும் அங்கே போகும். பிறகு அன்தியஸ் மீன்கள் வாங்க நினைத்தால் அவை நீரோட்டத்தில் வருவதை நாள் முழுக்கப் பொறுக்கித் தின்பவை, ஒரு வேளை உணவில் வாழாது. லயன் மீன் அசைகிறதைத்தான் விழுங்கும், உயிர் இறாலில் தொடங்கி, செத்த இறாலை மெல்லிய குச்சியில் குத்தி ஆட்டிக் காட்டிப் பழக்கவேண்டும்.

பழக்கவே முடியாத மீன்களும் இருக்கின்றன. பட்டர்பிளை மீன்களில் சில இனங்கள் உயிருள்ள பவளத்தை மட்டுமே தின்பவை. நீலமும் மஞ்சளுமாகக் கோடு கோடாக இருக்கிற மெலன் பட்டர்பிளை நம் பாறைகளிலேயே சோடி சோடியாகத் திரியும். பாசிக்குடாப் பக்கம், 2019 இல் கடல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட காயாங்கேணிப் பக்கம் அவற்றைத் தண்ணீருக்குள் போய்ப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்வோம். தொட்டியில் அதற்குப் பட்டினிதான். அதற்காகக் கடலிலிருந்து பவளம் உடைத்து வருவது சட்டப்படி குற்றம், அதைவிடப் பெரிய பாவம். சுத்தம் செய்கிற கிளீனர் ராஸையும் கடையிலேயே விட்டுவிடுங்கள். மற்ற மீன்களின் உடம்பில் மேய்ந்து வாழ்கிற அதற்கு ஒரு வீட்டுத் தொட்டியில் போதிய வேலை இல்லை. எந்த மீனாக இருந்தாலும், "எனக்கு முன்னால் சாப்பிடக் கொடுத்துக் காட்டுங்கள்" என்று கடைக்காரரிடம் கேளுங்கள். சாப்பிடாவிட்டால் முற்பணம் கொடுத்து ஒரு கிழமை அங்கேயே வைத்திருக்கச் சொல்லுங்கள். நல்ல கடைக்காரர் இதற்குக் கோபிக்கமாட்டார்.

மண்டரினுக்கு வருவோம். அதன் கதை வேறு. அது சாப்பிட மறுக்கவில்லை, அதற்குச் சாப்பாடு போதவில்லை. கீழ்நோக்கிய சின்ன வாயால் பாறையிலும் மணலிலும் ஊர்கிற கொப்பிபொட் என்னும் நுண்ணிறால்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கும். நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கில் வேண்டும். எட்டு மாதத் தொட்டியில் கொஞ்சம் பெருகியிருக்கும், ஆனால் டாம்செல்லும் அதையே பொறுக்குகிறது. மண்டரின் தின்கிற வேகத்துக்கு அவை இனப்பெருக்கம் செய்து ஈடுகொடுக்கமுடியாது.

இதற்கு நம்மால் வீட்டில் செய்யக்கூடியது முட்டையிலிருந்து புதிதாகப் பொரித்த ஆர்ட்டீமியாக் குஞ்சு. ஒன்றரை லீற்றர் சோடாப் போத்தலைத் தலைகீழாக நிறுத்தி, அடியை வெட்டி, லீற்றருக்கு 25 கிராம் உப்புக் கரைத்து, அரைத் தேக்கரண்டி ஆர்ட்டீமியா முட்டை போட்டு, காற்றுக் குழாயை அடிவரை விட்டுப் பலமாகக் குமிழி எழும்படி காற்று விடுங்கள். மேலே ஒரு விளக்கு எரியட்டும். நம் சூட்டுக்கு 24 மணித்தியாலத்தில் பொரிக்கும். காற்றை நிறுத்திப் பத்து நிமிடம் விட்டால் கோது மேலே மிதக்கும், குஞ்சு கீழே வெளிச்சம் பிடித்த பக்கம் திரளும். அதை மட்டும் மெல்லிய குழாயால் உறிஞ்சி, நெருக்கமான துணியில் வடித்து, நன்னீரில் ஒரு தடவை அலசுங்கள். சில மணித்தியாலத்துக்குள் கொடுத்துவிடவேண்டும். குஞ்சுக்குள் இருக்கிற மஞ்சள் கருதான் சத்து, நேரம் போகப் போக அதை அதுவே தின்று தீர்த்துவிடும்.

தொட்டியில் சும்மா ஊற்றினால் கிளவுனும் டாம்செல்லும் எல்லாவற்றையும் விழுங்கிவிடும். வாய் சிறுத்த ஒரு கண்ணாடிப் போத்தலை மணலில் சரித்துவைத்து, அதற்குள் ஒரு குழாய் வழியாகக் குஞ்சுகளை விடுங்கள். மண்டரின் ஊர்ந்து ஊர்ந்து உள்ளே போய்த் தின்னும், மேலே நீந்துகிற மீன்கள் பெரும்பாலும் அந்த வாய்க்குள் நுழையத் துணியாது. இடம் பழகியதும் அதே போத்தலுக்குள் குஞ்சோடு பொடி மீன் முட்டையையும் நறுக்கிய மைசிஸையும் கலந்து, மெல்ல மெல்லக் குஞ்சைக் குறைத்துப் பாருங்கள். சில மண்டரின் மாறும், சில கடைசிவரைக்கும் மாறாது. கூடவே பெரிய மீன் நுழையாத ஒரு சிறு பெட்டியைத் தொட்டித் தண்ணீர் ஓடும்படி இணைத்து, அதில் பாசியை வளர்த்தால் கொப்பிபொட் அங்கே பாதுகாப்பாகப் பெருகித் தொட்டிக்கு வந்துகொண்டிருக்கும். அது பலன் தர மாதங்கள் ஆகும்.

இரண்டு கிழமை இப்படிக் கொடுத்தும் மண்டரினின் வயிறு நிரம்பாவிட்டால், வருடக்கணக்கில் ஓடுகிற, நிறையப் பாறையுள்ள பெரிய தொட்டி வைத்திருக்கிற ஒருவரிடம் அதைக் கொடுத்துவிடுங்கள், இன்னும் மெலியும்வரை காத்திருக்கவேண்டாம். கொப்பர்பேண்ட் ஓடு இல்லாமலே குழாயிலிருந்து மைசிஸ் வாங்கித் தின்னும்வரை பெட்டியிலிருந்து எடுக்காதீர்கள். எடுக்கும் அன்றைக்குப் பவுடர் புளூவை அதே பெட்டிக்குள் இரண்டு மூன்று நாள் அடைத்துவையுங்கள், அதற்குள் கொப்பர்பேண்ட் தனக்கென்று ஒரு மூலையைப் பிடித்துக்கொள்ளும். முதல் சில நாள் அந்த மூலையிலேயே பழைய மட்டி ஓட்டை வைத்துச் சாப்பாடு கொடுங்கள்.